ஒரு ஸ்டேஷனில் இறங்கி இன்னொன்றில் ஏறும் நடை: லண்டனிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் ரயிலேறி ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் இறங்குவது, வயலோரமாகவோ கடலோரமாகவோ நாள் முழுக்க நடப்பது, மாலையில் வேறொரு நிலையத்தில் ஏறி வீடு திரும்புவது. தென்கிழக்கு இங்கிலாந்தில் இப்படி நடப்பதற்கென்றே அமைந்தவை போன்ற பாதைகள் நிறைய உண்டு. ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங், குரோய்டன் பக்கத்துத் தமிழர்கள் புதிதாகக் கிளம்பும்போது கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

காரில் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஆகாதா? எதற்கு இரண்டு நிலையம்?

ஆகும். ஆனால் காரை விட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டியிருப்பதால் கடலோர நடை பாதியாகிவிடும். போன வழியே திரும்ப வேண்டும், இல்லையென்றால் வரும் வழியில் தார்ச்சாலையில் நடக்க வேண்டும். ரயிலில் போனால் பார்த்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டிக் களைத்த காலோடு நடையைத் தொடங்கவும் வேண்டாம், நடந்து களைத்த காலோடு வண்டி ஓட்டவும் வேண்டாம். பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: திரும்பும் ரயில்தான் அன்றைய நாளின் முதலாளி. அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி மணிக்கணக்குப் போட்டுத்தான் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று தீர்மானிக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதல் தடவை எங்கே போகலாம்? பிள்ளைகளும் வருவார்கள்.

எசெக்ஸில் பென்ஃப்ளீட்டிலிருந்து லீ-ஆன்-சீ வரை. ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்பும் ரயில் வெஸ்ட்ஹாமிலும் பார்கிங்கிலும் நிற்கும். ஆகவே ஈஸ்ட்ஹாம்காரர்கள் லண்டன் நடுவுக்கே போக வேண்டியதில்லை.

பென்ஃப்ளீட்டில் இறங்கியதும் இரண்டு வழி. ஒன்று, கழியை ஒட்டிய கடலணை மேல் போகும் தட்டையான வழி. மற்றது, மேட்டின் மேல் ஏறி ஹேட்லி கோட்டை வழியாகப் போவது. கோட்டை 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது, இப்போது மிஞ்சியிருப்பவை இடிந்த கோபுரங்கள். கட்டணம் கிடையாது. தேம்ஸ் கடலில் கலக்கும் கழிமுகம் முழுக்க அங்கிருந்து தெரியும். பிள்ளைகளுக்கு மேட்டு வழிதான் பிடிக்கும். தள்ளுவண்டி இருந்தால் இரண்டு வழியும் சரிப்படாது, முதுகில் சுமக்கும் தூளி வேண்டும். லீ நிலையம்வரை ஏழெட்டு கிலோமீட்டர். கால் தாங்கினால் பழைய லீயின் சிப்பிக் கடைகளைத் தாண்டி, கடலோரமாக இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனால் சோக்வெல் நிலையம். நடைமேடையிலிருந்து கல்லெறி தூரத்தில் தண்ணீர்.

தண்ணீர் வற்றிய நேரத்தில் அங்கே கடல் இருக்காது, கண்ணுக்கெட்டிய மட்டும் சேறுதான். பார்க்கக் கெட்டியாகத் தெரியும். பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள். கால் புதைந்தால் இழுத்தெடுப்பது கடினம், தண்ணீர் திரும்பி வரும் வேகமும் அதிகம்.

போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு. டிக்கெட்டை எந்த ஊருக்கு எடுப்பது?

இதில்தான் எல்லோரும் வீண் செலவு செய்கிறார்கள். இரண்டு நிலையமும் ஒரே பாதையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே பாதை என்றால், லண்டனிலிருந்து தூரத்தில் இருக்கும் நிலையத்துக்கு ஒரு ரிட்டர்ன் எடுத்தால் போதும். சாதாரண ரிட்டர்ன் டிக்கெட்டில் இடையிலுள்ள நிலையத்தில் இறங்கவும், திரும்பும்போது இடையிலுள்ள நிலையத்திலிருந்து ஏறவும் பொதுவாக அனுமதி உண்டு. மேலே சொன்ன நடைக்குச் சோக்வெல் ரிட்டர்ன் எடுத்து பென்ஃப்ளீட்டில் இறங்கலாம். சில டிக்கெட்டுகளில் இதற்குத் தடை இருக்கும். வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள். குறிப்பாக, மலிவாகக் கிடைக்கும் அட்வான்ஸ் டிக்கெட்டில் இது நடக்காது. அதில் குறிப்பிட்ட ரயிலில், குறிப்பிட்ட நிலையங்களுக்கு இடையில்தான் போக முடியும்.

பாதை பிரிகிறது என்றால், பிரியும் சந்திப்பு எது என்று பாருங்கள். சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்னுக்கு நடப்பதை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் லூயிஸ் வழியாகத்தான் ரயில். ஆகவே லண்டன்–சீஃபோர்டு ரிட்டர்ன் ஒன்று, ஈஸ்ட்போர்ன்–லூயிஸ் ஒருவழி ஒன்று. ஈஸ்ட்போர்னில் ஒருவழி டிக்கெட்டைப் போட்டு உள்ளே நுழையுங்கள்; லூயிஸில் இறங்க வேண்டியதில்லை; லண்டன் விக்டோரியா நிலையக் கதவில் ரிட்டர்னின் மறுபாதியைப் போடுங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: நீங்கள் ஏறும் ரயில் லூயிஸில் நிற்க வேண்டும். பரிசோதகர் வந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

தள்ளுபடி ஏதாவது?

நெட்வொர்க் ரெயில்கார்டு. ஆண்டுக்கு 35 பவுண்டு (2025 மார்ச்சில் 30-லிருந்து உயர்ந்தது). தென்கிழக்கு முழுவதும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அட்டைக்காரரோடு இன்னும் மூன்று பெரியவர்களுக்கும் அதே தள்ளுபடி. கூட வரும் 5 முதல் 15 வயதுவரையான நான்கு பிள்ளைகளுக்கு 60 சதவீதம் குறையும். வார நாள்களில் காலை 10 மணிக்கு முன் செல்லாது; டிக்கெட்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. சனி, ஞாயிறுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு குடும்பமாகப் போனால் இரண்டு மூன்று நடையிலேயே அட்டைக்காசு திரும்பிவிடும்.

அட்டை இல்லாமல் மூன்று முதல் ஒன்பது பேர்வரை சேர்ந்து போனால் குரூப்சேவ் என்று கேளுங்கள். அதுவும் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு தள்ளுபடியையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட முடியாது.

லண்டன் பயண அட்டையான ஆயிஸ்டரைத் தட்டிவிட்டுப் போகலாமா?

சீஃபோர்டு, ஈஸ்ட்போர்ன், டோவர், அருண்டெல் பக்கம் ஆயிஸ்டர் செல்லாது. லண்டனில் தட்டி நுழைந்துவிட்டு அங்கே போய் நின்றால் டிக்கெட் இல்லாத பயணம்தான். அபராதம் 100 பவுண்டு, அதற்குமேல் ஒருவழிக் கட்டணமும் (21 நாளுக்குள் கட்டினால் 50). வங்கி அட்டையைத் தட்டிப் போகக்கூடிய நிலையங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு வருகின்றன, ஆனால் தட்டினால் ரெயில்கார்டு தள்ளுபடி கிடைக்காது. நடைக்குப் போகிறவர்கள் டிக்கெட்டாக எடுப்பதே நல்லது.

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் ஓடுகிறது: மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. ஆனால் அது மலையேறிப் பழகிய ஆளின் கணக்கு. படம் எடுத்து, தேநீர் ஊற்றி, பேசிக்கொண்டு போகும் கூட்டத்துக்கு மணிக்கு நான்கு என்று வையுங்கள்.

சீஃபோர்டு–ஈஸ்ட்போர்ன் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நான்கால் வகுத்தால் ஐந்தரை மணி. ஏறி இறங்கும் ஏற்றமெல்லாம் சேர்ந்து 600 மீட்டர் அளவில் வரும், அதற்கு ஒரு மணி. சாப்பாட்டுக்கும் நிற்பதற்கும் ஒன்றேகால். ஆக, எட்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. டிசம்பர் நடுவில் லண்டன் பக்கம் எட்டு மணி சுமாருக்கு விடிந்து நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் முழுவதுமே அவ்வளவுதான். அதனால் இந்த நடையை மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். அந்த வாரம்தான் இருட்டில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

சீஃபோர்டு–ஈஸ்ட்போர்ன் நடையை, அதாவது ஏழு சகோதரிகள் (செவன் சிஸ்டர்ஸ்) என்ற சுண்ணாம்பு மேடுகள் வழியான நடையை விவரமாகச் சொல்லுங்கள்.

விக்டோரியாவிலிருந்து லூயிஸ் ஒரு மணிக்குச் சற்று மேல். அங்கே மாறி, கிளைப்பாதையின் கடைசி நிலையமான சீஃபோர்டில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து கடற்கரை சில நிமிடம். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் போக வேண்டும். உருண்டையாக ஒரு கோபுரம் வரும்; நெப்போலியனுக்குப் பயந்து கட்டிய மார்ட்டெல்லோ கோபுரங்களில் 74-ஆவது, தென்கடற்கரை வரிசையின் கடைசி. அதைத் தாண்டியதும் சீஃபோர்டு ஹெட் மேட்டின் முதல் ஏற்றம். உச்சியைத் தாண்டி இறங்கும்போது எதிரே வெள்ளைச் சுவர் மடிப்பு மடிப்பாகத் தெரியும். நாள்காட்டிகளில் வரும் படம், முன்னால் இரண்டு வீடுகளோடு, இந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

இங்கே ஒரு பொறி. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நடுவில் குக்மியர் ஆறு. வற்றிய நேரத்தில் முழங்கால் தண்ணீர் மாதிரித் தோன்றும், யாராவது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பதையும் பார்ப்பீர்கள். பின்தொடராதீர்கள். முகத்துவாரத்தில் இழுப்பு பலமாக இருக்கும், அடியில் கூழாங்கல் நகரும். உள்ளே எக்ஸீட் பாலம்வரை போய்ச் சுற்றி வருவதுதான் வழி. கூடுதலாக நாலு கிலோமீட்டர் ஆகும், அது மேலே சொன்ன 22-இல் சேர்ந்ததே. பாலத்தருகே மதுக்கடை, சற்றுத் தள்ளிப் பூங்காவின் வரவேற்பு நிலையம், கழிப்பறை, பேருந்து நிறுத்தம். ஏறக்குறைய ஏழாவது கிலோமீட்டர். காலில் கொப்புளம் எழும்புகிறது என்றால் திரும்புவதற்கு ஏற்ற இடமும் இதுதான்.

அடுத்தது சகோதரிகள். முதல்வள் ஹேவன் பிரோ, 77 மீட்டர், அவளே உயரம். பிறகு இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்குக் கடைசியில் எட்டு வரும். பயப்பட வேண்டாம், எட்டாவதைப் பெயர்க்கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் இறக்கத்தில் முழங்கால் வாங்கும் அடியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஊன்றுகோல் இருந்தால் கொண்டுபோங்கள்.

பதின்மூன்றாவது கிலோமீட்டர் அளவில் பெர்லிங் கேப். உணவகம், கழிப்பறை, கடற்கரைக்கு இறங்கும் படி எல்லாம் உண்டு. அடுத்த ஏற்றத்தில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம். கடல் அரித்து விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999-இல் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் பின்னால் நகர்த்தி வைத்தார்கள். பிறகு பீச்சி ஹெட், 162 மீட்டர், பிரிட்டனின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. கீழே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கலங்கரை விளக்கம் பம்பரம் மாதிரி நிற்கும்.

அதன்பின் எல்லாம் இறக்கம். ஆனால் ஈஸ்ட்போர்ன் ஊர் கண்ணில் பட்டதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மேட்டடியிலிருந்து நிலையத்துக்குக் கடலோர நடைபாதையில் இன்னும் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ரயிலைத் தவறவிடுகிறவர்கள் இந்த மூன்றில்தான் தவறவிடுகிறார்கள்.

நடுவில் விட்டுவிட வேண்டுமானால் பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் வரிசைப் பேருந்து எக்ஸீட்டிலும் ஈஸ்ட் டீன் கிராமத்திலும் நிற்கும். பெர்லிங் கேப்பிலிருந்து ஈஸ்ட் டீன் உள்நாட்டுப் பக்கமாகக் குறுகிய நடை.

விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நடக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து மீட்டர். மேலே நிற்கும்போது தரை கெட்டியாக, புல் மூடித் தெரியும். அடியில் அலை குடைந்திருக்கும். நீங்கள் நிற்பது வெறும் தாழ்வாரமாக இருக்கலாம், மேலேயிருந்து அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிப் பாளம் பாளமாகப் பிரியும், உறைபனி அந்த வெடிப்பை அகலமாக்கும். எனவே மழைக்காலம் முடிந்த கையோடும் குளிர்காலக் கடைசியிலும் சரிவு அதிகம். வெயில் நாளிலும் முன்னறிவிப்பு இல்லாமல் விழும். தரையில் விளிம்புக்கு இணையாக ஒரு கீறல் தெரிந்தால் அதன் கடல்பக்கம் போகவே கூடாது. படத்துக்காக விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்காருகிறவர்களைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் போய் உட்காராதீர்கள், பாரம் கூடும்.

பாறையின் அடியில், கடற்கரை வழியாகவே நடந்துவிடலாமா?

வேண்டாம். குக்மியர் முகத்துவாரத்துக்கும் பெர்லிங் கேப்புக்கும் இடையில் மேலே ஏற ஒரு படியும் இல்லை. தண்ணீர் ஏறினால் பாறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க இடமிருக்காது. மேலிருந்து கல் விழும் ஆபத்து தனி.

பெர்லிங் கேப் படியிறங்கிக் கொஞ்ச நேரம் கால் நனைக்கப் போகிறீர்கள் என்றாலும் அன்றைய ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணிக்குச் சற்று மேல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். நம்மூர்க் கடற்கரையில் பழகியவர்களுக்கு இது உறைக்காது. அங்கே கடல் ஒரு முழம், இரண்டு முழம் ஏறி இறங்கும். இங்கே வீட்டு மாடி உயரத்துக்கு ஏறும்.

எந்தத் திசையில் நடப்பது?

காற்று இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் அது முதுகைத் தள்ளும். திசை மாற்றினால் நாள் முழுக்க முகத்தில் அறையும். சீஃபோர்டில் தொடங்குவதற்கு முதல் காரணம் அது. இரண்டாவது, ரயில் அதிகம் ஓடும் ஊரில் நடையை முடிப்பது நல்லது. சின்ன நிலையத்தில் தொடங்கிப் பெரிய நிலையத்தில் முடித்தால், ஒரு ரயில் போனாலும் அடுத்தது வரும், காத்திருக்கத் தேநீர்க்கடையும் இருக்கும். காற்றும் ரயிலும் வெவ்வேறு பக்கம் இழுத்தால் கடலோரத்தில் காற்றுக்கும், உள்நாட்டில் ரயிலுக்கும் முதலிடம் கொடுங்கள்.

டோவர் வெள்ளைப் பாறைகளுக்கு?

டோவர் பிரயரியிலிருந்து டீல், 16 கிலோமீட்டர் அளவு. இரண்டும் ஒரே பாதையில் இருப்பதால் டீல் ரிட்டர்ன் ஒன்றே போதும். செயின்ட் பாங்கிராஸிலிருந்து போகும் அதிவேக ரயிலுக்குக் கட்டணம் கூடுதல். சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் மேற்காசு கேட்பார்கள்.

டோவரில் முதல் அரைமணி ஊரும் துறைமுக இரைச்சலும். பொறுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறியதும் கப்பல்கள் தீப்பெட்டி மாதிரி ஆகிவிடும். வழியில் சவுத் ஃபோர்லண்ட் கலங்கரை விளக்கம். கப்பலுக்கும் கரைக்கும் இடையே மார்க்கோனி 1898-இல் வானொலிச் செய்தி பரிமாறிப் பார்த்த இடம். பிறகு செயின்ட் மார்கரெட்ஸ் விரிகுடா, அதற்குப் பின் கிங்ஸ்டவுன்வரை மேடு, கடைசியில் டீல்வரை தட்டை. நடுவில் களைத்தால் செயின்ட் மார்கரெட்ஸ் கிராமத்திலிருந்து மார்ட்டின் மில் நிலையத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். அதுவும் அதே ரயில்பாதைதான், புது டிக்கெட் வேண்டாம்.

இந்த இடத்தில் கைபேசி பிரெஞ்சு அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். கடிகாரம் தானாக ஒரு மணி முன்னால் ஓடிவிடும், ரோமிங் காசும் ஏறலாம். ரயில் போய்விட்டதென்று பதறி ஓடுவது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. டோவர் வந்ததும் ரோமிங்கையும் தானியங்கி நேரத்தையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

கடல் வேண்டாம், கிராமப்பக்கம் ஒன்று சொல்லுங்கள்.

அருண்டெல்லிலிருந்து ஆம்பர்லி. ஏறக்குறைய 10 கிலோமீட்டர், ஒரே ரயில்பாதை, அருண்டெல் ரிட்டர்ன் போதும். கோட்டை அடிவாரம், ஸ்வான்போர்ன் ஏரி, பூங்காவின் புல்மேடு, பிறகு அருண் ஆற்றங்கரை வழியாக ஆம்பர்லி. பூங்கா தனியார் நிலம். ஆண்டுக்கு ஒரு நாள், மார்ச் 24, கதவை மூடிவிடுவார்கள். ஆற்றங்கரை குளிர்காலத்தில் தண்ணீருக்கடியில் போகும். அப்போது அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஆம்பர்லி சின்ன நிலையம், ரயில் குறைவு. முன்னே சொன்ன விதிப்படி ஆம்பர்லியில் தொடங்கி அருண்டெல்லில் முடிக்கலாம். சாப்பாட்டுக் கடைகளும் அங்கேதான். இந்தப் பக்கத்துச் சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறுவேறு ஊருக்குப் போகும். ஏறும்போது பெட்டியின் பலகையைப் பாருங்கள்.

சேறு அவ்வளவு பெரிய விஷயமா?

நவம்பர் முதல் மார்ச்வரை ஆம். கடலோர மேட்டில் சுண்ணாம்பு. தண்ணீர் வடிந்துவிடும், ஆனால் ஈரச் சுண்ணாம்பு சவர்க்காரம் மாதிரி வழுக்கும், இறக்கத்தில் கவனம். மேட்டுக்கு வடக்கே வீல்ட் பள்ளத்தாக்கில் களிமண். ஒவ்வொரு காலிலும் கிலோக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டராகக் குறைந்துவிடும், அந்தக் கணக்கில் ரயிலைப் பாருங்கள். திரும்பும் ரயிலில் உட்கார ஒரு பழைய பை, மாற்றுக் காலுறை எடுத்துப் போங்கள்.

தனியார் வயலுக்குள் எப்படி நடப்பது? விரட்ட மாட்டார்களா?

பொதுவழி என்று பதிவான ஒற்றையடிப் பாதையில் நடக்க யாருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, அது வீட்டுக்காரர் முற்றத்தைத் தொட்டுப் போனாலும். அம்புக்குறியின் நிறம் பாருங்கள்: மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரை, மிதிவண்டியும் வரும். ஏக்கார்ன் எனும் கருவாலிக் கொட்டைப் படம் இருந்தால் தேசிய நெடும்பாதை. வயலுக்கு நடுவே பயிருக்குள் வழி போனால் ஒற்றை வரிசையில் போங்கள். கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்; திறந்திருந்ததை மூடினால் மாட்டுக்குத் தண்ணீர் எட்டாமல் போகலாம்.

வரைபடத்துக்கு ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் தாள்கள். ஒரு கிலோமீட்டர் நான்கு சென்டிமீட்டராக இருக்கும், பொதுவழிகள் பச்சைக் கோட்டில். ஈஸ்ட்போர்ன் பக்கத்துக்கு ஓஎல்25 என்ற எண்ணுள்ள தாள். கைபேசியில் வைத்துக்கொள்வதானால் முதல்நாளே இறக்கி வையுங்கள். பள்ளங்களில் சிக்னல் இருக்காது.

மாடு மறித்தால்?

பெரும்பாலும் கன்றோடு இருக்கும் பசுதான் ஆபத்து, ஆனால் காளையிடமும் கவனம் வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல் வேலியோரமாகச் சுற்றுங்கள். ஓடாதீர்கள். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள்; மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய்மேல்தான், அது ஓடித் தப்பிக்கும். இளங்காளைக் கூட்டம் பின்னாலேயே வரும், வேடிக்கை பார்க்கத்தான். திரும்பி நின்று கையை விரித்தால் நின்றுவிடும்.

தண்டவாளத்தோரமாகக் குறுக்கே போனால் தூரம் குறையுமே?

ஊரில் தண்டவாளத்தில் நடந்து பழகியவர்கள் பலர். இங்கே அந்த நினைப்பே வேண்டாம். தென்னிங்கிலாந்துப் பாதைகளில் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம் எப்போதும் ஓடும். தொட்டால் பிழைப்பது அரிது. சட்டப்படியும் 1,000 பவுண்டுவரை அபராதம். ஒற்றையடிப் பாதை ரயில்பாதையைக் குறுக்கே கடக்கும் கடவைகளில் மட்டும், காதிலிருப்பதைக் கழற்றி, இருபக்கமும் பார்த்து, நிற்காமல் கடங்கள்.

என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது?

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், நாள் முழுக்கக் காயாது. பருத்திச் சட்டையும் வியர்வையைப் பிடித்துக்கொண்டு காற்றில் குளிரும். மெல்லிய செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் மழைச்சட்டை. குடை கடலோரத்தில் ஐந்து நிமிடம்தான் பிழைக்கும். புதுச் சப்பாத்தோடு நீண்ட நடைக்குப் போகாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு மாதிரிப் பொருத்தமானது இல்லை. கெடாது, சிந்தாது, கரண்டி வேண்டாம். லண்டன் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் ரோல்ஸும் மரக்கறி ரொட்டியும் அடுத்த இடம். கிராமத்து மதுக்கடையை நம்பிப் போகிறவர்கள் கவனியுங்கள்: பல இடங்களில் இரண்டரை மணி வாக்கில் அடுக்களையை மூடிவிடுவார்கள், ஞாயிறு மதியம் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது.

பூச்சி, முள்?

செந்தட்டி கோடையில் இடுப்பளவு வளரும், அரைக்காற்சட்டை போட்டால் சுணை ஏறும். அதைவிட முக்கியம் உண்ணி. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, பிள்ளைகளின் தலைமயிரோரம் பாருங்கள். இருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால் லைம் நோயாக இருக்கலாம். அது பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் தெரியும், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். நமது நிறத் தோலில் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்?

999. கடலோரம் என்றால் கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள், ஆம்புலன்ஸ் அல்ல. கயிற்றோடு மீட்பவர்களையும் படகையும் அனுப்பி வைப்பது அவர்கள்தான். பேச்சு எடுக்காத இடத்தில் குறுஞ்செய்தியிலும் 999-ஐ அழைக்கலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பினால் பதிவு முறையைச் சொல்வார்கள். வீட்டிலிருந்தபடியே செய்துவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

சனிக்கிழமையே மேல். ஞாயிறுகளில் பாதை பராமரிப்பு வேலை அடிக்கடி நடக்கும், ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், ஒரு மணிப் பயணம் இரண்டரையாகும். வெள்ளி இரவில் ஒரு தடவை, கிளம்பும் காலையில் ஒரு தடவை நேரத்தைப் பாருங்கள். இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். போகும் பாதை சரியாக ஓடி, திரும்பும் பாதை மூடியிருப்பதும் உண்டு.

கடைசி ரயில் போய்விட்டால்?

கடைசி ரயிலைக் குறிவைத்து நடையை அமைக்கக் கூடாது. அதற்கு முந்திய இரண்டில் ஒன்றைக் குறிவையுங்கள். உங்கள் தவறால் நீங்கள் ரயிலை விட்டால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, பேருந்தோ டாக்ஸியோ உங்கள் செலவு. அதுவே அவர்கள் ரயில் ரத்தாகி நீங்கள் நடைமேடையில் மாட்டிக்கொண்டால் கதை வேறு: உதவிப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள், ஊர்போய்ச் சேர ஏற்பாடு செய்வது அவர்கள் வேலை. ஆளில்லாத நிலையங்களிலும் அந்தப் பொத்தான் இருக்கும். டிக்கெட்டைத் தொலைக்காமல் கையில் வைத்திருங்கள்.